ஆயிரம் பொய்யில் இந்த ஒரு பொய் வேண்டாம்

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி" என்பார்கள் நம் பெரியவர்கள். நம் தோட்டங்களில் இந்தப் பழமொழிக்கு என்றுமே மதிப்புக் குறைந்ததில்லை. மாப்பிள்ளைக்கு மூன்று வயதைக் குறைத்துச் சொல்வார்கள். லோரி ஓட்டுகிற பையனைக் 'கம்பெனியில் சூப்பர்வைசர்' என்பார்கள். பெண் நன்றாகச் சமைப்பாள் என்பார்கள். தாலி ஏறிய மறுவாரம் அந்தப் பெண் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று பக்கத்து வீட்டு அக்காளிடம் கேட்டுக்கொண்டு நிற்பாள். இவையெல்லாம் இரண்டு குடும்பமும் பிற்பாடு சொல்லிச் சிரித்துக்கொள்கிற பொய்கள். இவற்றால் எந்தக் குடும்பமும் உடைந்து நான் பார்த்ததில்லை.

சிரித்து மறக்க முடியாத பொய் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு வலிப்பு நோய் இருப்பதை மறைத்துச் சம்பந்தம் பேசுகிற பொய் அது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

நான் டாக்டர் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் இருபது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறவள். ஆனால் தோட்டத்தில் 'டீச்சர்' என்றால் பாடம் மட்டுமா? கிளினிக்கில் கொடுத்த மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போனால் "டீச்சரும் கூட வந்தா மரியாதையா இருக்கும்" என்பார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணைத் திருப்பி அழைத்து வரும்போதும் கூட நிற்க வேண்டும். அப்படிக் கூட நின்றதில் கண்டதையும், டாக்டர்களிடம் கேட்டதையும், புத்தகங்களில் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரிலேயே தொடங்கும் பயம்

'காக்காய் வலிப்பு' என்று நாம் சொல்லுகிறோமே, அதற்கும் காக்கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'கால் கை வலிப்பு' என்பதுதான் வாய்க்கு வாய் மாறிக் காக்காய் வலிப்பு ஆயிற்று என்று தமிழறிந்தவர்கள் சொல்லுவார்கள். மலாயிலோ இதற்கு வழங்கிவந்த பேச்சுப் பெயர் இன்னும் கொடுமை: 'கிலா பாபி'. பன்றிப் பைத்தியம் என்று பொருள்! இப்படி ஒரு பெயரைத் தலையில் கட்டிவிட்டால், எந்தத் தாய்தான் தன் பிள்ளைக்கு அந்த நோய் இருக்கிறதென்று வாய் திறந்து சொல்வாள்?

உண்மையில் இது என்ன? நம் மூளை ஓயாமல் மெல்லிய மின்னோட்டத்தால் வேலை செய்கிறது. சில சமயம் அதன் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ அந்த மின்னோட்டம் தறிகெட்டுப் பாய்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு உடம்பு வெட்டி இழுக்கிறது, அல்லது நினைவு தப்புகிறது. பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத் திணறல், தலையில் பட்ட அடி, மூளைக் காய்ச்சல், பக்கவாதம் என்று காரணங்கள் பல. என்ன சோதித்தாலும் காரணம் பிடிபடாமல் போவதும் உண்டு. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, மாரியம்மன் கோபமும் இல்லை. எச்சில் பட்டாலும் தொட்டாலும் ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை. உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நூற்றுக்கு எழுபது! இதைக் கேட்ட பிறகும் ஏன் மறைக்கிறோம்? அதற்கு ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் எதற்கு? எந்த லயத்திலும் நடக்கக் கூடிய கதைதான்.

நான் அறிந்த ஒரு குடும்பம்

புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்று. பையன் நாற்று மேட்டில் வேலை. குணத்தில் தங்கம். 14 வயதிலிருந்து வலிப்பு. குலை அறுக்கப் போனால் ஆபத்து என்றுதான் அவருக்கு நாற்று மேட்டில் வேலை கொடுத்திருந்தார்கள் என்பது தோட்டத்துக்கே தெரியும். பெண் சபாக் பெர்ணம் பக்கம். அவ்வளவு தூரத்தில் பெண் பார்த்ததற்கே காரணம், விஷயம் அங்கே எட்டாது என்பதுதான்.

பையனின் மாத்திரைகள் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் போயின. "கல்யாணம் முடியிற வரைக்கும் அவ கண்ணுல படாம போட்டுக்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கல்யாண வீடென்றால் கேட்க வேண்டுமா? பந்தல், உறவுக்காரர் கூட்டம், விடிய விடிய விழிப்பு. இரண்டு இரவு தூக்கமில்லை. புதுப்பெண் பக்கத்தில் இருக்கையில் டின்னைத் திறக்கவும் வழியில்லை. வலிப்பு நோய்க்காரருக்கு ஆகாத இரண்டு காரியம் எவையென்று கேட்டால், டாக்டர்கள் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்: மாத்திரையை விடுவது, தூக்கம் கெடுவது. மூன்றாம் நாள் காலை, பசியாற உட்கார்ந்த இடத்திலேயே அவர் விழுந்தார்.

பெண் அலறினாள். யாரோ ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மாமியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவ வந்த நேரம், எம் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சே!" என்று பழியைத் தூக்கி மருமகள் தலையிலேயே போட்டார். இரண்டாம் பொய் அது. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாம் பொய் வேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்துத் தாய்வீட்டில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்க்க நானும் போனேன். அவள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"வலிப்பு வந்தப்ப பயந்தேன், இல்லன்னு சொல்லல டீச்சர். ஆனா அது அஞ்சு நிமிசத்துல நின்னு போச்சி. அதுக்கப்புறம் நாலு நாளு என் மொகத்தையே பாக்கல. பின்வாசப்படியில போயி ஒக்காந்துக்குவாரு. சோறு வெச்சா ரெண்டு வாய். கூப்பிட்டா பதில் இல்ல. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். இவருக்கு என்னைப் புடிக்கலையோ, வேற பொண்ணு யாராச்சும் இருக்காளோன்னு நெனச்சி நெனச்சி... அதைத்தான் டீச்சர் என்னால தாங்க முடியல."

இனி அந்தப் பையன் பக்கம் கேளுங்கள். அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எப்படியும் போகப் போறவதானே டீச்சர். பேசிப் பழகி, அப்புறம் போனா இன்னும் வலிக்கும்."

பார்த்தீர்களா! ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர். அவளுக்குத் தன்னை வேண்டாமென்கிறார் என்ற எண்ணம். அவருக்குத் தன்னை விட்டுப் போகப் போகிறாள் என்ற எண்ணம். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தது. நடுவில் நின்றது நோயின் இரண்டாம் முகம். வலிப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதன் பின்னாலே வரும் மனச்சோர்வு யார் கண்ணுக்கும் தெரியாது. அது கோபம் போலவும், வெறுப்புப் போலவும், திமிர் போலவும் வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

ஒரு மனிதர், இரண்டு திருமணங்கள்

இந்தச் சோதனை நம் லயங்களுக்கு மட்டும் வந்ததென்று எண்ணாதீர்கள். ரஷ்ய நாட்டின் மாபெரும் எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கையில் இது இரண்டு முறை நடந்தது. முதல் முறை ஒரு விதமாகவும் இரண்டாம் முறை வேறு விதமாகவும் முடிந்தது. அதனால்தான் அவரை இங்கே அழைத்து வருகிறேன்.

அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகிச் சைபீரியாவில் நான்காண்டு சிறையிருந்தவர் அவர். 1857-இல் மரியா என்ற விதவைப் பெண்ணைக் காதலித்து மணந்தார். திருமணம் முடிந்து ஊர் திரும்பும் வழியிலேயே கடுமையான வலிப்பு வந்துவிட்டது. பார்த்த டாக்டர் இது உண்மையான வலிப்பு நோய்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குமுன் பார்த்த டாக்டர்களெல்லாம் வெறும் நரம்புத் தளர்ச்சி என்றே சொல்லிவந்தார்களாம். இது தெரிந்திருந்தால் திருமணமே செய்துகொண்டிருக்க மாட்டேன் என்று தம் அண்ணனுக்கு எழுதினார். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஆனால் அறியாமல் ஏற்பட்ட அந்த அதிர்ச்சியோடு தொடங்கிய இல்லறம் கடைசிவரை மகிழ்ச்சியைக் காணவில்லை. மரியா 1864-இல் காசநோயால் இறந்தார்.

1866 அக்டோபரில் ஒரு நெருக்கடி. நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவலை முடித்துக் கொடுக்காவிட்டால் தம் நூல்களின் உரிமையையே பதிப்பாளரிடம் இழக்க வேண்டிய நிலை. சொல்லச் சொல்ல எழுதச் சுருக்கெழுத்துத் தெரிந்த 20 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் அன்னா. முதல் நாள் பேச்சிலேயே, தமக்கு வலிப்பு நோய் இருக்கிறதென்றும், சில நாட்களுக்கு முன்புகூட வந்ததென்றும் அவளிடம் அவர் சொல்லிவிட்டார். சம்பந்தம் பேச வந்தவளா அவள்? இல்லை, சம்பளத்துக்கு வந்தவள். இருந்தும் சொன்னார். 26 நாளில் 'சூதாடி' நாவல் முடிந்தது. அடுத்த பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம்.

திருமணமான சில நாட்களில், அன்னாவின் அக்காள் வீட்டு விருந்தில் எல்லோர் எதிரிலும் அவருக்கு வலிப்பு வந்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வந்தது. சுற்றி நின்றவர்கள் கலங்கிப்போனார்கள். அந்த இளம் பெண்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின் வரும் நாட்களைப் பற்றியும் அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வலிப்புக்குப் பிறகு, உயிருக்குயிரான ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவரைப்போல அவர் மனம் இருண்டு கிடக்குமாம். அது நோயின் வேலை என்பது அன்னாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த இருளைத் தன்மேல் உள்ள வெறுப்பென்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கடன், சூதாட்டம், பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கம் எல்லாவற்றையும் தாண்டி, 1881-இல் அவர் இறக்கும்வரை 14 ஆண்டுகள் அந்தக் குடும்பம் நிலைத்தது. கணவரின் நூல்களைத் தாமே பதிப்பித்துக் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்டார் அன்னா.

அதே மனிதர், அதே நோய். முதல் திருமணத்தில் அது யாருக்கும் சரியாகத் தெரியாது. இரண்டாவதில் முதல் நாளே தெரியும். இந்த ஒரு வித்தியாசமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களின் குணமும் வேறு. ஆனாலும் யோசிக்க வேண்டிய வித்தியாசம் அல்லவா?

சட்டம் திருந்தியது, நாம்?

மறைப்பதற்குப் பெற்றோர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. உலகமும் அப்படித்தான் இருந்தது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்றாயிற்று. பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டார்கள்! இதைக் காட்டி மனைவியையோ கணவனையோ ஒதுக்கிவிட நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்துக்குப் பயந்தே எத்தனையோ பெற்றோர் வாயை மூடிக்கொண்டார்கள். டாக்டர்களும் வலிப்பு நோய்ச் சங்கத்தாரும் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 1999 டிசம்பரில்தான் 'வலிப்பு' என்ற சொல் அந்தச் சட்டத்திலிருந்து நீங்கியது. அமெரிக்காவில் 1956 வரையில் 17 மாநிலங்கள் வலிப்பு நோய்க்காரர் திருமணத்தைத் தடுத்திருந்தன. கடைசி மாநிலம் மனம் மாறியது 1980-இல்.

நம் மலேசியாவில் 1982 மார்ச் முதல் தேதி தொடங்கி நடப்பில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தில், ஒரு திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் வலிப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே உங்கள் மகனோ மகளோ திருமணம் செய்துகொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது நம் வாய்தான்.

கோபமா, நோயா?

மனச்சோர்வு ஏன் வருகிறது? டாக்டர்கள் மூன்று வழி சொல்கிறார்கள்.

முதலாவது, மூளையே காரணம். எந்த இடத்தில் வலிப்புத் தோன்றுகிறதோ அதே இடம் மனத்தின் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் ஆளுகிற இடமாக இருக்கலாம். வலிப்பு ஓய்ந்த பிறகும் சில மணி நேரமோ சில நாளோ மனம் இருண்டு கிடப்பது அதனால்தான்.

இரண்டாவது, மருந்து. வலிப்பை அடக்குகிற மாத்திரைகளில் சில, பீனோபார்பிட்டோன், லெவெட்டிராசிட்டாம் போன்றவை, சிலருக்குச் சோர்வையோ எரிச்சலையோ உண்டாக்கும். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து கொடுப்பார். சொல்லாமல் நாமாக நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்றாவது, ஊர் வாய். 'அவன் விழுகிறவன்' என்ற ஒரு சொல்லைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவனுக்கு, தன்னை ஒருத்தி விரும்புவாள் என்பதில் எப்படி நம்பிக்கை வரும்?

வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே இது அபூர்வமல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் முகம் தெளியாமல் இருப்பது, பிடித்த காரியம் எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுவது அல்லது எந்நேரமும் படுக்கை, சாப்பாடு இறங்காமை, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு, இவை கோபத்தின் அடையாளங்கள் அல்ல. நோயின் அடையாளங்கள்.

படுக்கையறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு விட்டுவிடுவதால் குடும்பம் கெடுகிறது, ஆகவே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வும் சில மாத்திரைகளும் தாம்பத்திய ஆசையையே குறைத்துவிடுவதுண்டு. 'என்னிடம் குறையோ' என்று மனைவியும், 'நான் ஆண்பிள்ளைதானா' என்று கணவனும் தனித்தனியே மருகுவதைவிட, டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது. அவர்கள் தினம் கேட்கிற கேள்விதான் அது.

புக்கிட் ரோத்தான் தம்பதிக்கு வருகிறேன். பெண்ணின் தகப்பனார் பெருந்தன்மையானவர். "பொய் சொன்னது பெத்தவங்க. மாப்பிள்ளையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். இருவரையும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வலிப்பைப் பற்றிக் கேட்டு முடித்த டாக்டர், "சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா?" என்று மெல்லக் கேட்டார். அந்தப் பையன் அழுதுவிட்டார். அத்தனை ஆண்டுகளில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. மனைவி அதுவரை அப்படி ஒரு எண்ணம் அவருக்குள் இருந்ததையே அறிந்ததில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாத்திரையை மாற்றினார்கள். மனச்சோர்வுக்கென்று தனி மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை எழுதலாம். நிஜத்தில் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பெண் டாக்டர் சொன்னபடி ஒரு காரியம் செய்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வலிப்பு வந்த நாளைச் சிவப்பு மையாலும், அவர் பேசாமல் இருந்த நாட்களை நீல மையாலும் குறித்து வந்தாள். ஆறு மாதம் போனதும் அவளுக்கே விளங்கிவிட்டது: சிவப்புக்குப் பின்னாலேதான் நீலம் வருகிறது, நாலாம் நாள் தானாகப் போய்விடுகிறது. "நாலு நாள் மழை டீச்சர். இப்ப நான் குடை எடுத்துக்குறேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. சமைத்ததை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் தானும் அதே பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொள்வாளாம்.

வலிப்பு இன்றும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரத்தான் செய்கிறது. அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் லைசென்ஸ் எடுத்தாள். அவள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்துத் தோட்டத்தில் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களுக்கு இப்போது அலுத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு. இருவரும் என் பள்ளியில்தான் படித்தார்கள்.

எப்போது சொல்வது?

காதலிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், பார்த்த முதல் நாளே சொல்ல வேண்டுமா என்று. முதல் நாள் வேண்டாம். ஆனால் கல்யாணப் பேச்சு மனத்தில் எழும் முன்பே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் பார்க்கும் சம்பந்தமென்றால் பரிசம் போடுவதற்கு முன். நோயின் பெயர், எப்போதிலிருந்து, கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை, இந்த நான்கையும் சொன்னால் போதும். அழுதுகொண்டு சொல்ல வேண்டாம். குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரியும் வேண்டாம். விருப்பப்பட்டால் இருவருமாகச் சென்று டாக்டரைப் பார்க்கலாம்.

சொன்னால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) எனக்குத் தெரிந்த ஒரு பெண், தொழிற்சாலை வேலைக்குப் போய்வருகிறவள். கூட வேலை செய்த பையனோடு பழக்கம். சில மாதத்தில் தன் நோயைச் சொன்னாள். அவன் இரண்டு வாரம் அவகாசம் கேட்டான், பிறகு வரவேயில்லை. அவள் அழுதாள், இளைத்தாள். நாள்பட அவளே என்னிடம் சொன்னாள்: "கையில புள்ளையோட நிக்கும்போது போகாம, இப்பவே போனானே டீச்சர்." இந்தத் தெளிவு எத்தனை பேருக்கு வரும்! நம் சமூகத்தில் பையனுக்கு வலிப்பென்றால் மறைத்துக் கட்டிவைக்கிறோம். பெண்ணுக்கு வலிப்பென்றால் கட்டிக்கொடுக்காமலே வைத்திருக்கிறோம். இரண்டும் அநியாயம்.

'பிள்ளைக்கும் வருமே' என்று தட்டிக் கழிப்பவர்களுக்கு: தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனாலும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வருவதில்லை. நோயுள்ள பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கண்டு பேச வேண்டும். சோடியம் வால்ப்ரோவேட் என்ற மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக் கூடியது. வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று அவர்தான் முடிவு செய்வார். போலிக் அமில மாத்திரையும் தருவார். கார்பமசெபின், பெனிட்டாயின் போன்ற மாத்திரைகள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதையும் மணமானவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டாரும் அண்டை வீட்டாரும்

வலிப்பு வந்தால் என்ன செய்வது? பக்கத்தில் உள்ள கத்தி, அடுப்பு, நாற்காலியை விலக்குங்கள். தலைக்கடியில் மெத்தென்று துணி வையுங்கள். இழுப்பு நின்றதும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது. சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி கொடுத்ததால் நின்றதென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

திருவிழாக் காலத்தில் கவனம் தேவை. பத்துமலைக்கு விரதமிருந்து, தூக்கம் விழித்து நடந்து போகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். மாத்திரைக்கு விரதம் கிடையாது. சம்சு, பீர் வேண்டவே வேண்டாம்.

கவனித்துக்கொள்கிற மனைவியையும் மறக்க வேண்டாம். ராத்திரியெல்லாம் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவள் அவள். நாத்தனாரோ தாயாரோ மாதத்தில் இரண்டு நாள் வந்து தங்கி, 'நீ போய்த் தூங்கு' என்றால் அதுவே அவளுக்குப் பெரிய சீதனம்.

உயிரை விடுகிற எண்ணம் யார் வாயிலிருந்து வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனம் கொட்டிப் பேச, பிஃபிரண்டர்ஸ் சங்கத்தின் தொலைபேசி 03-7627 2929.

சம்பந்தம் பேசப் போகும் பெரியவர்களே! வயதைக் குறைத்துச் சொல்லுங்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். பையன் பீடி பிடிக்க மாட்டான் என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள், அது பிடிபட ஒரு வாரம்கூட ஆகாது. ஆனால் மைலோ டின்னுக்குள் மாத்திரையை ஒளிக்கச் சொல்லாதீர்கள். அந்த டின்னைப் பெண் வீட்டார் எதிரிலேயே திறந்து வையுங்கள். அதைப் பார்த்த பிறகும் 'சரி' என்று சொல்லித் தாலிக்குத் தலை குனிகிற பெண், நாலு நாள் மழைக்கெல்லாம் தாய்வீடு போக மாட்டாள்.